எதில் எத்தனை? நிகழ்தகவு குறித்து வாசகர் கேட்டவை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி நிகழ்தகவைப் பற்றியவை. இங்கே தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழகங்களில் முதலாண்டுப் புள்ளியியல் வகுப்புகள் தொடங்கியிருக்கின்றன. பள்ளி இறுதியாண்டான மெட்ரிக்கில் படிக்கும் மாணவர்களும் கணித முதல் தாளில் வரும் நிகழ்தகவுப் பகுதியைத் தொட்டிருப்பார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிப்பதை வீட்டில் தமிழில் விளக்க விரும்பும் பெற்றோரும் எழுதியிருப்பதால், கலைச்சொற்களைத் தமிழிலேயே தந்து, அவற்றை ஒவ்வொரு பதிலுக்குள்ளும் விளக்கியிருக்கிறேன். ஒன்றுக்கொன்று தொடர்புடைய கடிதங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறேன்.

கேள்வி: 2020 டிசம்பர் 1 அன்று நடந்த பவர்பால் லாட்டரிக் குலுக்கலில் 5, 6, 7, 8, 9 ஆகிய எண்களும், பவர்பாலாக 10-உம் விழுந்தன. சூது இல்லாமல் இப்படி விழுமா? வேறு எந்த ஆறு எண்களுக்கும் இதே வாய்ப்புதான் என்று சொல்லி என் மகள் என் வாயை அடைக்கிறாள். – ஒரு தந்தை, பீனிக்ஸ்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரியே, ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது முழுப் பதில் ஆகாது. நிகழ்தகவில் எந்தக் கணக்கையும் தொடங்குமுன் நடக்கக்கூடிய விளைவுகள் அனைத்தையும் ஒரு பட்டியலாக எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலுக்குக் கூறுவெளி என்று பெயர். பவர்பாலில் 50 எண்களிலிருந்து 5 எண்களும், வேறொரு பெட்டியில் உள்ள 20 எண்களிலிருந்து பவர்பால் என்ற ஒன்றும் எடுக்கப்படுகின்றன. 50-இலிருந்து 5-ஐ வரிசை பாராமல் 2,118,760 வகையில் எடுக்கலாம். அதை 20-ஆல் பெருக்கினால் 42,375,200, அதாவது நான்கு கோடிக்கும் மேற்பட்ட விளைவுகள் கிடைக்கின்றன. பந்துகள் ஒரே எடையும் அளவும் கொண்டவையாக இருந்தால் இவை ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்புதான். 5-6-7-8-9-10 அவற்றில் ஒன்று. 3, 17, 22, 38, 41, பவர்பால் 6 என்பது இன்னொன்று. மகள் சொன்னது இதைத்தான்.

ஆனால் அன்று மாலை உங்களை வியக்க வைத்தது அந்த ஒற்றை விளைவு மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். 11, 12, 13, 14, 15, 16 என்று விழுந்திருந்தாலும் நீங்கள் இதே கடிதத்தை எழுதியிருப்பீர்கள். ஆகவே உங்கள் வியப்புக்குரியது ஒரு விளைவு அல்ல, ‘ஆறு எண்களும் வரிசையாக அமைதல்’ என்ற விளைவுத் தொகுதி. இப்படிப்பட்ட தொகுதியைத்தான் நிகழ்ச்சி என்கிறோம். பவர்பால் 20-ஐத் தாண்ட முடியாது என்பதால் இந்நிகழ்ச்சியில் 15 விளைவுகள்தான் அடங்கும்; அதன் நிகழ்தகவு ஏறத்தாழ 28 லட்சத்தில் ஒன்று. வாரம் இருமுறை குலுக்கினால் சராசரியாக 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் என்று பொருள். பவர்பாலை விட்டுவிட்டு முதல் ஐந்து எண்கள் மட்டும் வரிசையாக அமைவதைப் பார்த்தால் 46 விளைவுகள் அடங்கும். நிகழ்தகவு சரியாக 46,060-இல் ஒன்று. ஆக, வியந்தது தவறன்று. லாட்டரி ஆணையமே விசாரிப்பதாக அறிவித்த செய்தி அது.

அரியது நடந்தது என்பதால் மட்டும் சூது நடந்தது என்று ஆகிவிடாது. சூது செய்பவன் இந்த எண்களைத் தேர்ந்தெடுத்திருப்பானா என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று 20 சீட்டுகள் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது சுமார் 57 லட்சம் ராண்ட். மேலும் 79 சீட்டுகளில் ஐந்து எண்களும் பொருந்திப் பவர்பால் மட்டும் தவறியது. அவற்றுக்குத் தலா 6,283 ராண்ட். திருடத் துணிந்தவன், வேறு 19 பேர் பங்கு கேட்டு வந்து நிற்கும் எண்களையா எடுப்பான்? என் கணிப்பில் அது தற்செயலே. வரிசை எண்களைக் கட்டுபவர்களுக்கு வெல்லும் வாய்ப்பு மற்றவர்களுக்கு உள்ளதேதான். வென்றால் கிடைக்கும் பங்குதான் குறைவு.

கேள்வி: காசைச் சுண்டினால் நீண்ட ஓட்டத்தில் பாதி தலை, பாதி பூ விழும் என்று விரிவுரையாளர் சொன்னார். அப்படியானால் தொடர்ந்து ஏழு தலை விழுந்தபின், கணக்கைச் சமன் செய்யப் பூ விழும் வாய்ப்புக் கூடத்தானே வேண்டும்? – முதலாண்டு மாணவர், டொங்காட்

பதில்: கூடாது. எட்டாவது சுண்டலிலும் தலைக்கு 1/2, பூவுக்கு 1/2. முன்பு என்ன விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும், காசுக்குத் தெரியாது. ஆனால் ‘சமன் செய்யாமல் பாதிக்குப் பாதி எப்படி வரும்?’ என்ற உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு வரலாறே பதிலாக இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த ஜான் கெரிச், மனைவியின் குடும்பத்தாரைக் காண டென்மார்க் சென்றிருந்தபோது, 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை அந்நாட்டுக்குள் புகுந்தது. பிரிட்டிஷ் குடிமகனான அவர் போர் முடியும்வரை யூட்லாண்ட் பகுதியில் ஒரு தடுப்பு முகாமில் அடைபட்டார். பொழுது போகாமல் கிடந்த அந்நாட்களில் உடனிருந்த கைதி ஒருவரின் துணையுடன் அவர் ஒரு காசை 10,000 முறை சுண்டி, ஒவ்வொரு விளைவையும் எழுதிவைத்தார். 1946-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராகவும் இருந்தார். அவருடைய பதிவில், முதல் 10 சுண்டலில் 4 தலை, 100-இல் 44, 1,000-இல் 502, 10,000-இல் 5,067.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படியுங்கள். சரிபாதியிலிருந்து எத்தனை தலை கூடியது அல்லது குறைந்தது என்று பார்த்தால், 100-இல் 6 குறைவு, 10,000-இல் 67 அதிகம். வேறுபாடு சுருங்கவில்லை, பெருகியிருக்கிறது. காசு எதையும் சமன் செய்ய முயலவில்லை. விழுக்காடாகப் பார்த்தாலோ 44 என்று இருந்தது 50.67 ஆகிவிட்டது. வேறுபாடு வளரும் வேகத்தைவிட அதை வகுக்கும் எண் மிக வேகமாக வளர்வதே காரணம். உங்கள் ஏழு தலைகளுக்குப் பின் இன்னும் 9,993 முறை சுண்டி, அவற்றில் எதிர்பார்ப்பின்படி சரிபாதி தலை விழுந்ததாக வைத்துக்கொண்டால், மொத்தத்தில் தலை 50.035 விழுக்காடு. அந்த ஏழை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அண்டா நீரில் விழுந்த ஒரு சிட்டிகை உப்பைப் போல அது கரைந்து போயிற்று. பேரெண் விதி சொல்வது இவ்வளவுதான்.

கூர்ந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: 1,000-இல் 50.2 ஆக இருந்த விழுக்காடு 10,000-இல் 50.67 ஆகச் சற்று விலகியிருக்கிறது. விதி பொய்த்துவிடவில்லை. நெருங்குதல் நேர்கோட்டில் நடப்பதில்லை; தள்ளாடித் தள்ளாடித்தான் நடக்கும். சுண்டல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி அளவு விலகல் இயல்பானது என்பது கைக்கணக்கு. 10,000-க்கு அது 50. ஆகவே 67 என்பது முகம் சுளிக்கும் அளவு பெரிதன்று.

கேள்வி: ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளும் சார்பிலா நிகழ்ச்சிகளும் ஒன்றுதானே? இரண்டிலும் ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை என்றுதானே பொருள்? – மாணவி, சாட்ஸ்வொர்த்

பதில்: நான் வகுப்பெடுத்த காலத்தில் ஆண்டுதோறும் விடைத்தாள்களில் கண்ட குழப்பம் இது. இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர். நம் வீடுகளில் ஆடும் ‘தன்னி’ சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்வோம். டர்பனுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக: ஒவ்வொரு சூட்டிலும் ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி என்ற ஆறு சீட்டுகள், நான்கு சூட்டுக்கும் சேர்த்து 24. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று தொடங்கி ராணிக்கு 2 வரை புள்ளி உண்டு. கட்டு முழுவதையும் கூட்டினால் 304 வரும். இலங்கைத் தமிழர்கள் ஆடும் 304 ஆட்டத்துக்கு இது நெருங்கிய உறவு.

கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவுங்கள். ‘அது ஜாக்கி’, ‘அது ஒன்பது’ என்ற இரண்டும் ஒருசேர நடக்க முடியாது. இவை ஒன்றையொன்று விலக்குபவை. ஒன்று நடந்தது தெரிந்த அந்தக் கணமே மற்றதன் நிகழ்தகவு 1/6-இலிருந்து பூச்சியமாகிவிடுகிறது. ஒன்றின் செய்தி மற்றதை இவ்வளவு பாதிக்கும்போது அவற்றைச் சார்பிலாதவை என்று எப்படிச் சொல்வது? சார்பின்மைக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டும்: ‘அது ஜாக்கி’, ‘அது இஸ்பேட்’. 24-இல் 4 ஜாக்கிகள், ஆகவே 1/6. உருவிய சீட்டு இஸ்பேட் என்று யாராவது எட்டிப் பார்த்துச் சொன்னாலும், 6 இஸ்பேட்டுகளில் ஒன்று ஜாக்கி, மீண்டும் அதே 1/6. செய்தி வந்தும் நிகழ்தகவு அசையவில்லை, இதுதான் சார்பின்மை. இரண்டும் சேர்ந்து நடக்கும் நிகழ்தகவு 1/6 × 1/4 = 1/24, அதாவது கட்டில் உள்ள ஒரே ஒரு இஸ்பேட் ஜாக்கி. பெருக்கல் விதியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம்.

இப்போது கட்டிலிருந்து ஆட்டின் ராணி தொலைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 23 சீட்டுகளில் ஜாக்கி 4/23, இஸ்பேட் 6/23, பெருக்கினால் 24/529. இஸ்பேட் ஜாக்கியின் நிகழ்தகவோ 1/23, அதாவது 23/529. சமமில்லை, சார்பின்மை போய்விட்டது. தொலைந்தது ஜாக்கியும் அன்று, இஸ்பேட்டும் அன்று; இருந்தும் போய்விட்டது. பார்வைக்குத் தொடர்பற்றவையாகத் தோன்றுவதால் மட்டும் இரண்டு நிகழ்ச்சிகள் சார்பிலாதவை ஆகிவிடுவதில்லை என்பதையும், எண்ணிப் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும் என்பதையும் இதைவிட மலிவான எடுத்துக்காட்டால் நான் காட்டியதில்லை.

எண்ணிப் பார்க்காமல் பெருக்கியதால் ஒரு தாய் சிறை சென்றதும் உண்டு. இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளை அடுத்தடுத்து இழந்த ஒரு தாயின் வழக்கில், அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று, ஆகவே இரண்டும் அப்படி இறக்கும் வாய்ப்பு அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கிக் கிடைக்கும் ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒன்று என்று மருத்துவ வல்லுநர் ஒருவர் சாட்சி சொன்னார். ஒரே பெற்றோர், ஒரே வீடு, ஒரே மரபணு. ஒரு குழந்தைக்கு நேர்ந்தது மற்றதைச் சாராது என்று கொள்ள எந்த அடிப்படையும் இல்லை. 1999-இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 2001-இல் அரச புள்ளியியல் கழகம் அந்தப் பெருக்கலை வெளிப்படையாகக் கண்டித்தது. 2003-இல் தீர்ப்பு நீக்கப்பட்டது.

கேள்வி: தன்னி ஆட்டத்தில் ஒரு கைக்கு ஆறு சீட்டு. ஒரு சூட்டின் ராஜாவும் ராணியும் சேர்ந்து வந்தால் ஜோடி. குறிப்பிட்ட ஒரு சூட்டில் ஜோடி வரும் நிகழ்தகவை நான் கணக்கிட்டிருக்கிறேன். நான்கு சூட்டுக்கும் அதை நான்கால் பெருக்கினால் போதுமா? – வாசகர், லெனேசியா

பதில்: ஏறக்குறையப் போதும், முழுமையாகப் போதாது. குறிப்பிட்ட ராஜா உங்கள் ஆறில் விழும் நிகழ்தகவு 6/24. அது விழுந்தபின் அதன் ராணியும் விழ 5/23. பெருக்கினால் 0.0543. நான்கு மடங்கு 0.2174. ஆனால் ஒரே கையில் இரண்டு ஜோடி வரும் ஆட்டங்களை இதில் இருமுறை எண்ணிவிட்டோம். இரண்டு குறிப்பிட்ட ஜோடிகள் சேர்ந்து வரும் நிகழ்தகவு 0.0014, இரண்டிரண்டாக எடுக்க ஆறு வழிகள், ஆகவே 0.0085-ஐக் கழிக்க வேண்டும். மூன்று ஜோடி வரும் கைகளைக் கழித்தது சற்று மிகையாகிவிட்டதால் 0.00003-ஐத் திரும்பச் சேர்க்க வேண்டும். விடை 0.209, ஐந்து கைக்கு ஒன்று என்று நினைவில் வைக்கலாம். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே வெறும் கூட்டல் செல்லும் என்ற விதி பாடநூலில் ஒரு வரி. அதன் பொருள் இருமுறை எண்ணாதே என்பதுதான்.

கேள்வி: துருப்பு ஜாக்கி என் கையில் இல்லை. எங்கள் பக்கம் அல்லது எதிர்ப் பக்கம் என்று இரண்டே வழிதான் இருக்கின்றன. ஆகவே கூட்டாளியிடம் இருக்கும் வாய்ப்புப் பாதி என்று நாற்பது ஆண்டுகளாக ஆடி வருகிறேன். பேரன் சிரிக்கிறான். – ஓய்வு பெற்றவர், மெரிபேங்க்

பதில்: ஐயா, பேரன் சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வழிகள் இரண்டு என்பதால் அவை சமமாகிவிடா. லாட்டரிச் சீட்டும் விழும் அல்லது விழாது என்ற இரண்டே வழி உடையதுதான். எண்ண வேண்டியது பக்கங்களை அன்று, சீட்டுகளை. ஆறு சீட்டும் கைக்கு வந்தபின் நீங்கள் காணாத சீட்டுகள் 18. அவற்றில் 6 கூட்டாளியிடம், 12 எதிரிகளிடம். ஆகவே கூட்டாளியிடம் இருக்கும் நிகழ்தகவு 1/3.

துருப்பைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் உங்கள் கையில் நான்கு சீட்டுதான் இருக்கும் என்பதால் அப்போதைய கணக்கு வேறு. காணாதவை 20. இனி உங்களுக்கு வரவிருக்கும் இரண்டில் ஜாக்கி இருக்க 2/20, கூட்டாளிக்குச் சேரவிருக்கும் ஆறில் இருக்க 6/20, எதிரிகளின் பன்னிரண்டில் இருக்க 12/20. உங்கள் இரு சீட்டும் வந்து, ஜாக்கி அவற்றில் இல்லை என்று தெரிந்தபின், அந்த 2 கூறுவெளியிலிருந்து வெளியேறுகிறது. மிஞ்சிய 18-இல் 6 என்று 1/3-க்கு வந்து சேர்கிறோம். ஒரு செய்தி கிடைத்ததும் பட்டியலில் இடமிழந்தவற்றை நீக்கிவிட்டு எஞ்சியவற்றுள் மீண்டும் எண்ணுவதற்கு நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர். மாணவர்கள் அஞ்சும் அந்தச் சூத்திரத்தில் கீழே நிற்கும் எண் எஞ்சியதன் அளவைத் தவிர வேறில்லை. நாற்பது ஆண்டு ஆடியவருக்கு நான் சொல்லத் தேவையில்லாத ஒன்றும் உண்டு: கூட்டாளி ஏலத்தில் எவ்வளவு துணிந்து கேட்டார், முகம் எப்படி இருந்தது என்பவையும் செய்திகளே, அவற்றால் 1/3 மேலோ கீழோ நகரும். பேரனின் கணக்கில் அது இருக்காது.

கேள்வி: டர்பன் ஜூலைப் பந்தயத்தில் ஒரு குதிரைக்கு ‘4-க்கு 1’ என்றால் வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்றா? – வாசகி, வெருலம்

பதில்: ஐந்தில் ஒன்று. தோற்பதற்கு 4 பங்கு, வெல்வதற்கு 1 பங்கு, மொத்தம் 5. ஆனால் அதைக் குதிரையின் உண்மையான நிகழ்தகவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று குதிரைகள் மட்டும் ஓடும் பந்தயத்தில் சமம், 2-க்கு 1, 3-க்கு 1 என்று விலை இருந்தால் 1/2, 1/3, 1/4 எனக் கூட்டி 13/12 வரும். நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டக் கூடாது. தாண்டிய அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு, பந்தயம் பிடிப்பவரின் பிழைப்பு.

கேள்வி: நான் செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். ஒரு பரிசோதனை நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்துவிடும் என்றால், ‘உண்டு’ என்று முடிவு வந்தவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பும் 90 விழுக்காடுதானே? – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை. நோயுள்ளவர்களில் எத்தனை பேருக்கு ‘உண்டு’ என்று வரும் என்பது ஒரு கேள்வி. ‘உண்டு’ என்று வந்தவர்களில் எத்தனை பேர் நோயுள்ளவர்கள் என்பது வேறொரு கேள்வி. ‘நோயுள்ளவர்களில்’, ‘வந்தவர்களில்’ என்று தமிழில் அந்த ‘இல்’ உருபு ஒட்டும் இடத்தைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம். 10,000 பேரைச் சோதிக்கிறீர்கள். நூற்றுக்கு ஒருவருக்கு நோய், ஆகவே நோயாளிகள் 100 பேர். அவர்களில் 90 பேருக்கு ‘உண்டு’ என்று வருகிறது. நோயில்லாத 9,900 பேரில் நூற்றுக்கு ஐவருக்குத் தவறாக ‘உண்டு’ என்று வருவதாகக் கொண்டால், அவர்கள் 495 பேர். வெளியே நாற்காலிகளில் ‘உண்டு’ என்ற தாளோடு உட்கார்ந்திருப்பவர்கள் 585 பேர். உண்மையான நோயாளிகள் 90 பேர். நிகழ்தகவு 15 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பரிசோதனை மோசமானது என்பதால் இப்படி ஆகவில்லை. நோயில்லாதோர் கூட்டம் மிகப் பெரிது, அதில் சிறு பிழையும் பெருந்தொகை ஆகிவிடுகிறது. இந்த 585 பேரை மட்டும் மறுபடியும் வேறொரு பரிசோதனைக்கு உட்படுத்தும்போது நோயாளியின் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற நிலையிலிருந்து நூற்றுக்குப் பதினைந்துக்கு ஏறியிருப்பதால், இரண்டாவது ‘உண்டு’ மிகவும் நம்பத்தக்கதாகிறது. பாடத்தில் இதைப் பேயிஸ் தேற்றம் என்ற பெயரில் சந்திப்பீர்கள். தேர்வில் சூத்திரம் மறந்துபோனால் 10,000 பேரை வரிசையில் நிறுத்துங்கள்.

கேள்வி: ஆற்றோரம் ஒரு வீடு விலைக்கு வருகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் மட்டுமே அந்த இடத்தை எட்டும் என்கிறார்கள். 1987-இலும் 2022-இலும் பார்த்த நாங்கள் இனி நிம்மதியாக இருக்கலாம் என்று தரகர் சொல்கிறார். – இசிபிங்கோ

பதில்: 1987 செப்டம்பரையும் 2022 ஏப்ரலையும் நேரில் கண்டவரிடம் இப்படிச் சொல்லத் துணிந்த தரகரின் நெஞ்சுரத்தை வியக்கிறேன். ‘நூறு ஆண்டுக்கு ஒருமுறை’ என்பது வெள்ளம் நாட்காட்டி பார்த்து வரும் என்ற வாக்கு அன்று. ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் பொருள். சென்ற ஆண்டு வந்திருந்தாலும் இந்த ஆண்டும் அதே நூற்றில் ஒன்று. டொங்காட் மாணவரின் காசுக் கதையேதான்.

வீட்டுக்கடனை 20 ஆண்டில் அடைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 ஆண்டில் ஒருமுறையாவது வெள்ளம் வரும் நிகழ்தகவு என்ன? 20 நூற்றில் ஒரு பங்குகளைக் கூட்டினால் 20 விழுக்காடு வரும். ஆனால் இரண்டு முறை வெள்ளம் வரும் வரலாறுகளை இருமுறை எண்ணிவிடுவோம். இங்கே குறுக்குவழி, நிரப்பு நிகழ்ச்சியை, அதாவது நாம் கேட்டது நடக்காமல் போவதை, எண்ணுவது. ஓர் ஆண்டு வராதிருக்க 0.99, இருபது ஆண்டும் வராதிருக்க 0.99-ஐ இருபது முறை பெருக்கினால் 0.818, ஆகவே ஒருமுறையாவது வர 0.182, ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. நூறு ஆண்டுக்குக் கணக்கிட்டாலும் 63 விழுக்காடுதான் வரும், முழு உறுதி வராது. ‘ஒருமுறையாவது’ என்ற சொல்லை வினாத்தாளில் கண்டவுடன் ‘ஒருமுறையும் இல்லை’ என்பதைக் கணக்கிட்டு ஒன்றிலிருந்து கழிப்பது மாணவர்கள் பழகிக்கொள்ள வேண்டிய கைப்பழக்கம்.

ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்றும், நூற்றில் ஒன்று என்ற அளவு மாறாதது என்றும் கொண்டு நான் இதைக் கணக்கிட்டேன். அந்த அளவே சில பத்தாண்டு மழைப் பதிவுகளிலிருந்து மதிப்பிடப்படுவது; மேலே கரையோரம் கட்டடம் பெருகினாலும், மழையின் போக்கு மாறினாலும் அது கூடும். ஆகவே 18 விழுக்காட்டைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொண்டு தரகரிடம் விலை பேசுங்கள்.

கேள்வி: இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் ஒன்று பெண் என்று தெரிந்தால், மற்றதும் பெண்ணாக இருக்கும் நிகழ்தகவு 1/3 என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். என் மகன் 1/2 என்று அடம்பிடிக்கிறான். யார் சொல்வது சரி? – தாய், கிளேர்வுட்

பதில்: மூத்தது, இளையது என்ற வரிசையில் எழுதினால் பெண்-பெண், பெண்-ஆண், ஆண்-பெண், ஆண்-ஆண் என்று சம வாய்ப்புள்ள நான்கு விளைவுகள். ‘குறைந்தது ஒன்று பெண்’ என்ற செய்தி கடைசியை மட்டும் நீக்குகிறது. எஞ்சிய மூன்றில் ஒன்று பெண்-பெண், ஆகவே 1/3. நான் கணக்கிட்டது இப்படித்தான்.

ஆனால் கடிதம் வந்தபின் சென்ற இதழை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியிருந்த கதையில் ஒருவர் கதவைத் தட்டுகிறார்; அவ்வீட்டுக் குழந்தைகளில் ஒருத்தி வந்து திறக்கிறாள். இரு குழந்தைகளில் யார் வேண்டுமானாலும் சம வாய்ப்போடு வந்து திறக்கலாம் என்றால், பெண்-பெண் வீட்டில் திறப்பது உறுதியாகச் சிறுமி. ஒன்று பெண் ஒன்று ஆண் என்ற வீட்டில் பாதி நேரம்தான் சிறுமி. பெண்-பெண் வீடுகள் நான்கில் ஒன்று, முழுவதும் எண்ணிக்கையில் சேரும். கலப்பு வீடுகள் நான்கில் இரண்டு, அவற்றில் பாதிதான் சேரும். இரண்டும் சமமாகின்றன. அந்தக் கதைக்கு விடை உங்கள் மகன் சொன்ன 1/2. என் விடைக்குப் பொருந்த வேண்டுமானால், பள்ளிப் படிவம் ஒன்றில் ‘பெண் பிள்ளை உண்டா?’ என்ற கேள்விக்கு நேரே ‘உண்டு’ என்று எழுதியிருந்தது என்று கதையை அமைத்திருக்க வேண்டும். கதவைத் தட்டியது என் பிழை.